நாலாவது குழி: முடக்குவாதம் வம்சத்தில் வருவது எப்படி?

விடியற்காலையில் அம்மாவால் காபி ஃபில்டரின் மூடியைத் திறக்க முடியாது. வெந்நீரில் இரண்டு கையையும் அரை மணி நேரம் வைத்திருந்தால்தான் விரல்கள் மடங்கும். ரவிக்கைக்கு ஊக்கு மாட்ட என்னைக் கூப்பிடுவார். ஒன்பது மணி தாண்டிவிட்டால் அதே கை மாவு கரைத்து இட்லி ஊற்றும். அதனாலேயே வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் 'வயசுத் தேய்மானம்' என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆன்டி சி.சி.பி. என்ற எதிர்ப்பொருளின் அளவு எக்கச்சக்கமாக வந்தது. அப்போதுதான் முடக்குவாதம் என்று பெயர் கிடைத்தது. பாட்டி காலத்தில் சரவாங்கி என்பார்கள்.

பெயர் கிடைத்த அன்று ராத்திரி அம்மா தன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை. "என்கிட்டேர்ந்து உங்க மூணு பேருக்கும் இது வந்துருமாடி?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததெல்லாம் இந்தக் கட்டுரையில் இருக்கிறது. முதலில் நேரடியான பதில்: வரலாம், ஆனால் பெரும்பாலும் வராது. ஏன் அப்படி என்பதற்கான விளக்கம், என்னைப் பொறுத்தவரை, நவீன மருத்துவத்தின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முழங்கால் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. தேய்மானத்தில் குருத்தெலும்பு நாள்பட்டுக் கரைகிறது. முடக்குவாதத்தில் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அதனால்தான் இரண்டு கையிலும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகள் வீங்குகின்றன, காலையில் விறைப்பு அதிகம் இருக்கிறது, முப்பது வயதிலும் வருகிறது. உலகம் முழுக்க நூறு பேரில் ஒருவருக்கோ, அதற்கும் சற்றுக் குறைவாகவோ இந்த நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

சரி, வம்சக் கணக்குக்கு வருவோம். சுவீடனில் மொத்த மக்களின் குடும்ப உறவுகளும் நோய் விவரங்களும் பதிவேடுகளில் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பார்த்ததில், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ முடக்குவாதம் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. மூன்று மடங்கு என்று கேட்டதும் நெஞ்சு படபடக்கும். ஆனால் நூறில் ஒன்று மூன்று மடங்கானால் நூறில் மூன்றுதான். மீதி 97 பேருக்கு வராது.

இரட்டையர்களின் கணக்கு இன்னும் தெளிவு. பிரிட்டனில் 1993-இல் வெளியான ஆய்வில், உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 15 சதவீதம் சோடிகளில். உருவம் ஒவ்வாத இரட்டையரில் அது 4 சதவீதத்துக்கும் கீழே. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரபணு முழுக்க ஒன்றாக இருக்கும்போது வாய்ப்பு நாலு மடங்காகிறது, ஆகவே மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நேரத்தில், மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் நூற்றுக்கு 85 சோடிகளில் இன்னொருவர் தப்பிக்கிறார். மரபணு மட்டும் போதாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

அந்தப் பெரிய பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது? அதில் கணிசமான பகுதி ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில், எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டத்துக்குள் இருக்கிறது. சிறுநீரகம் தானம் கொடுக்கும்போது 'பொருத்தம்' பார்ப்பார்களே, அந்தப் பொருத்தம் இதே கூட்டத்தைச் சேர்ந்தது.

இந்தத் தடயம் கிடைத்த விதம் சுவையானது. இரண்டு அந்நியர்களின் ரத்த வெள்ளையணுக்களை ஒரே கண்ணாடித் தட்டில் கலந்தால், அவை ஒன்றையொன்று அந்நியன் என்று அடையாளம் கண்டு கொதித்தெழுந்து பெருகும். முடக்குவாதம் உள்ளவர்களின் அணுக்களை ஒன்றோடொன்று கலந்தபோது பல நேரங்களில் அந்தக் கொதிப்பு குறைவாக இருந்தது. சொந்தபந்தமே இல்லாதவர்கள், ஆனால் அணுக்கள் உறவுக்காரர்கள் மாதிரி நடந்துகொண்டன. அமெரிக்காவின் டாலஸ் நகரில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி இந்த விசித்திரத்தை விடாமல் துரத்தினார். 1978-இல் அவர் வெளியிட்ட முடிவு: நோயாளிகளில் 70 சதவீதத்தினருக்கு எச்.எல்.ஏ. டி.ஆர். 4 என்ற வகை இருந்தது. நோயில்லாதவர்களில் 28 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது.

ஆனால் உடனே சிக்கல் வந்தது. டி.ஆர். 4 என்பது ஒரே பொருள் இல்லை. அதற்குள் பல உட்பிரிவுகள். சிலவற்றோடு நோய் வருகிறது, சிலவற்றோடு வருவதில்லை. இஸ்ரேலில் யூத நோயாளிகளிடம் பார்த்தபோது டி.ஆர். 4-க்குப் பதிலாக டி.ஆர். 1 முன்னால் வந்து நின்றது. இது ஆளாளுக்கு, ஊருக்கு ஊர் வேறு நோயா? அல்லது வேறு வேறு பெயருள்ள மரபணு வடிவங்களுக்குள் ஏதோ ஒன்று பொதுவாக இருக்கிறதா?

1987-இல் பீட்டர் கிரெகர்சன், ஜாக் சில்வர், ராபர்ட் வின்செஸ்டர் மூவரும் இதற்கு விடை சொன்னார்கள். அதைப் புரிந்துகொள்ள எச்.எல்.ஏ. புரதத்தை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். எச்.எல்.ஏ. டி.ஆர். புரதம் செல்லின் வெளிப்புறத்தில் அப்படி ஒரு பலகையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் நீளமாக ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் வரிசையாகச் சில குழிகள். செல் தான் விழுங்கிய புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டை எடுத்து இந்தப் பள்ளத்தில் கிடத்துகிறது. துண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் சோழி மாதிரி அந்தந்தக் குழிக்குள் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் துண்டு நிற்கும், இல்லாவிட்டால் வழுக்கிப் போய்விடும். ரோந்து வரும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பலகையில் இருப்பதைத் தடவிப் பார்த்து, 'இது நம்ம வீட்டுப் பொருளா, அந்நியமா' என்று முடிவெடுக்கின்றன. அந்நியம் என்றால் படை திரளும்.

பலகையின் குழிகள் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. பலகையைச் செய்யும் டி.ஆர்.பி. 1 மரபணுவுக்கு மனிதர்களிடையே ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. ஒருவரின் பலகையில் நிற்கும் துண்டு இன்னொருவரின் பலகையில் நிற்காது. மனித இனத்துக்கு இது பெரிய பாதுகாப்பு: எந்தக் கிருமி வந்தாலும் அதன் துண்டைப் பிடித்துக் காட்டக்கூடிய பலகை யாரிடமாவது இருக்கும்.

மூவரும் கவனித்தது இதுதான். நோயோடு சேர்ந்து வரும் வடிவங்களை எல்லாம் வரிசையாக அடுக்கி, புரதச் சங்கிலியின் மணிகளான அமினோ அமிலங்களை ஒப்பிட்டார்கள். 70-ஆம் இடத்திலிருந்து 74-ஆம் இடம் வரையிலான ஐந்து அமினோ அமிலங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. குறிப்பாக 71-ஆம் இடத்தில் லைசின் அல்லது ஆர்ஜினின். இரண்டுமே நேர் மின்னூட்டம் கொண்டவை. இந்தப் பகுதி நாலாவது குழியின் சுவரில் இருக்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'பகிர்ந்த அடையாளம்' எனலாம். டி.ஆர். 4, டி.ஆர். 1 என்று பெயர் மாறினாலும் குழியின் சுவர் ஒன்றே.

டி.ஆர். 4-இன் 04:02 என்ற உட்பிரிவில் மட்டும் அதே 71-ஆம் இடத்தில் குளூட்டமேட் இருக்கிறது. அது எதிர் மின்னூட்டம் கொண்டது. இந்த வடிவத்தோடு முடக்குவாதம் சேர்ந்து வருவதில்லை. யூதர்களிடம் டி.ஆர். 4 என்றால் பெரும்பாலும் இந்த 04:02-தான் என்பதால்தான் அங்கே கணக்கு உதைத்தது. இந்த 04:02 ஒன்றும் சாதுவான வடிவம் இல்லை, தோல் கொப்புளம் கொப்புளமாக உரியும் பெம்ஃபிகஸ் நோயோடு அது சேர்ந்து வருகிறது. ஒரு குழியின் சுவரில் மின்னூட்டம் மாறினால் ஆபத்து மூட்டிலிருந்து தோலுக்கு இடம் மாறுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாலாவது குழியில் அப்படி என்னதான் உட்காருகிறது? இதற்கு விடை வர இன்னும் பல வருடங்கள் ஆயின. அது அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருந்த அதே சொல்லிலிருந்து வந்தது. சி.சி.பி.-யில் உள்ள இரண்டாவது 'சி'க்குள் சிட்ருலின் என்ற ஒரு அமினோ அமிலம் ஒளிந்திருக்கிறது. நம் உடலில் பேட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதிகள் உண்டு. இவை புரதத்தில் இருக்கும் ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றும். அழற்சி இருக்கும் இடங்களில் இந்த மாற்றம் அதிகம் நடக்கும். ஆர்ஜினின் நேர் மின்னூட்டம் உள்ளது; சிட்ருலினுக்கு மின்னூட்டமே இல்லை.

இப்போது குழியை நினைத்துப் பாருங்கள். சுவரில் நேர் மின்னூட்டம். ஆர்ஜினினும் நேர் மின்னூட்டம். காந்தத்தின் ஒரே முனைகள் போல ஒன்றையொன்று தள்ளும், துண்டு நிற்காது. ஆர்ஜினின் சிட்ருலினாக மாறிவிட்டால் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, குழிக்குள் சொகுசாக உட்கார்ந்துவிடும். 2003-இல் ஆய்வகத்தில் இந்தப் பிணைப்பை அளந்து காட்டினார்கள். 2013-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு இந்தப் புரதத்தைப் படிகமாக்கி, சிட்ருலின் நாலாவது குழியில் உட்கார்ந்திருப்பதை அணு அணுவாகப் படமெடுத்துக் காட்டியது.

ஆக, இந்தப் பலகை உள்ளவர்களின் உடலில் சிட்ருலின் ஏறிய சொந்தப் புரதத் துண்டுகள் டி செல்களின் பார்வைக்குத் தெளிவாகக் காட்டப்படுகின்றன. ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு டி செல் அதை அந்நியம் என்று எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. ஆன்டி சி.சி.பி. பரிசோதனை தேடுவது அந்த எதிர்ப்பொருள்களைத்தான். இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். பகிர்ந்த அடையாளத்தின் தாக்கம் ஆன்டி சி.சி.பி. உள்ள நோயாளிகளிடம்தான் வலுவாகத் தெரிகிறது. அது இல்லாதவர்களின் முடக்குவாதத்துக்கு மரபணுக் கதை வேறு மாதிரி போகிறது.

ஊருக்கு ஊர் பலகை வடிவம் மாறுகிறது, குழி மட்டும் மாறுவதில்லை. வட ஐரோப்பாவில் 04:01. ஜப்பானில் 04:05. அலாஸ்காவின் ட்லிங்கிட் பழங்குடியினரிடம் 14:02. இந்தியர்களிடம் நடந்த ஆய்வு 1996-இல் வெளியானது. அதில் 04:05-உம் 10:01-உம் நோயோடு சேர்ந்து வந்தன. இவை அனைத்திலும் 71-ஆம் இடத்தில் நேர் மின்னூட்டம்தான்.

2012-இல் பாஸ்டனின் சௌம்யா ராய்சௌத்ரி தலைமையிலான குழு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஏறத்தாழ பதினைந்தாயிரம் நோயற்றவர்களையும் எடுத்துக்கொண்டு, எச்.எல்.ஏ. பகுதியை அமினோ அமிலம் அமினோ அமிலமாக அலசியது. 71, 74 இரண்டும் உறுதியாயின. ஆனால் எல்லாவற்றையும்விட வலுவாக நின்றது 11-ஆம் இடம். அது சுவரில் இல்லை, பள்ளத்தின் தரையில் இருக்கிறது. கூடவே எச்.எல்.ஏ. பி, டி.பி.பி. 1 என்ற வேறு இரண்டு பலகைகளிலும் 9-ஆம் இடம் அகப்பட்டது. அதுவும் பள்ளத்துக்கு உள்ளேதான். 1987-இல் சொன்னது தப்பாகவில்லை, இன்னும் கூர்மையானது.

எச்.எல்.ஏ. என்றதும் இங்கே பலருக்கு பி27 பரிசோதனை ஞாபகம் வரும். அது முதுகெலும்பு விறைத்துப்போகும் வேறொரு நோய்க்கானது. விரல் மூட்டு வீங்கியவர் அதை எடுத்து 'நெகட்டிவ்' என்று வந்தால் முடக்குவாதம் இல்லை என்று அர்த்தமில்லை. இந்தக் குழப்பத்தால் மாதங்களைத் தொலைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் நடுவில் நிறுத்திச் சொல்கிறேன்.

ஆறாவது குரோமோசோமுக்கு வெளியேயும் மரபணுக்கள் உண்டு. 2003-இல் ஜப்பானியக் குழு பேடி 4 மரபணுவைக் கண்டுபிடித்தது. சிட்ருலின் செய்யும் நொதிகளில் ஒன்றை உருவாக்கும் மரபணு அது. மேலே சொன்ன கதையோடு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். 2004-இல் பி.டி.பி.என். 22. இது டி செல்லின் பிரேக் போன்ற ஒரு புரதம். இதில் 620-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் முடக்குவாதத்துக்கு மட்டுமல்ல, முதல் வகை நீரிழிவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஐரோப்பியர்களிடம் பரவலாக இருக்கும் இந்த மாற்றம் கிழக்காசியர்களிடம் ஏறத்தாழ இல்லை, தெற்காசியர்களிடமும் அரிது. வெளிநாட்டு மரபணுப் பட்டியலை அப்படியே எடுத்து நமக்குப் பொருத்தக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

2014-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைத் துழாவி 101 இடங்களைக் குறித்தார்கள். 2022-இல் ஐந்து இனக்குழுக்களைச் சேர்ந்த இரண்டே முக்கால் லட்சம் பேரைப் பார்த்து 124 இடங்கள் என்றார்கள். பெரும்பாலானவை புரதத்தை மாற்றுவதில்லை, மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற அளவைத்தான் திருகுகின்றன. ஒவ்வொன்றின் பங்கும் துளி. ஆனால் அந்தப் பட்டியலில் சி.டி.எல்.ஏ. 4 இருக்கிறது, அபடாசெப்ட் என்ற ஊசி மருந்து அந்தப் புரதத்திலிருந்தே செய்யப்பட்டது. ஐ.எல். 6 ஏற்பி இருக்கிறது. டோசிலிசுமாப் அதைத்தான் அடைக்கிறது. மருந்துகள் முன்பே வந்துவிட்டன என்றாலும், மரபணு காட்டும் இடமும் மருந்து வேலை செய்யும் இடமும் ஒன்றாக இருப்பது, தேடல் சரியான தெருவில்தான் போகிறது என்று காட்டுகிறது.

இனி, அந்த 85 சதவீதம் ஏன் தப்பிக்கிறது என்ற பக்கம். ஐரோப்பியர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்காவது பகிர்ந்த அடையாளம் இருக்கிறது. நோய் வருவதோ ஒருவருக்கு. பலகை இருந்தால் மட்டும் போதாது, அதில் வைக்கச் சரக்கு வேண்டும். அந்தச் சரக்கு எங்கே தயாராகிறது என்று தேடியவர்கள் நுரையீரலில் போய் நின்றார்கள். சிகரெட் புகைப்பவர்களின் நுரையீரல் செல்களில் சிட்ருலின் ஏறிய புரதங்கள் கிடைத்தன. சுவீடனில் லார்ஸ் கிளாரெஸ்கோக் குழு 2006-இல் காட்டியது: தாய், தந்தை இருவழியிலும் பகிர்ந்த அடையாளம் வந்து, புகைக்கவும் செய்பவருக்கு, இரண்டும் இல்லாதவரைவிட ஆன்டி சி.சி.பி. வகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு.

என் தம்பி சிகரெட் பிடிப்பான். அம்மாவின் ரிப்போர்ட்டையும் இந்த 21-ஐயும் ஒரே நாளில் அவனிடம் காட்டினேன். பேசாமல் எழுந்து போனான். இப்போது பாதியாகக் குறைத்திருக்கிறான், முழுக்க விடும்வரை நானும் அவனை விடுவதாக இல்லை.

வாயிலும் ஒரு தடயம் உண்டு. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியா சொந்தமாகவே ஒரு பேட் நொதி வைத்திருக்கிறது, அதாவது அதனாலும் சிட்ருலின் செய்ய முடியும். ஈறு நோயும் முடக்குவாதமும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மூட்டு வலிக்குப் பல வருடங்கள் முன்பே கதை தொடங்கிவிடுகிறது என்பதும் தெரிந்த விஷயம். நெதர்லாந்தில் ரத்த தானம் செய்தவர்களின் பழைய மாதிரிகளை உறைநிலையில் வைத்திருந்தார்கள். பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்களின் மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, அவர்களில் பாதிப் பேருக்கு அறிகுறிக்கு முன்பே எதிர்ப்பொருள் இருந்தது. சராசரியாக நாலரை வருடம் முன்னால். அந்த இடைவெளியில் நோயைத் தடுக்க முடியுமா என்று பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பார்த்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்ப்பொருளும் மூட்டு வலியும் இருந்து இன்னும் வீக்கம் வராத 213 பேர். ஒரு பாதிக்கு ஒரு வருடம் அபடாசெப்ட், மறு பாதிக்கு வெறும் ஊசி. வருட முடிவில் நோய் வந்தது மருந்து எடுத்தவர்களில் 6 சதவீதம், எடுக்காதவர்களில் 29. மருந்தை நிறுத்திய பின் இடைவெளி சுருங்கி, இரண்டாம் வருட முடிவில் 25-க்கு 37 என்று ஆனது. முழுத் தடுப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் தள்ளிப்போட முடிகிறது.

அந்த 213 பேரை மரபணு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, எதிர்ப்பொருளையும் வலியையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தங்கை என்னிடம் "அப்ப நான் ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்துரட்டுமா அக்கா?" என்று கேட்டபோது வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணமும் அதுவே. நூற்றுக்கு நாற்பது பேருக்கு இருக்கிற ஒன்று அவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்து என்ன செய்யப் போகிறாள்? காலையில் விரல் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, அது சில வாரம் தொடர்ந்தால், தேய்மானம் என்று யார் சொன்னாலும் கேட்காமல் மூட்டுவாத மருத்துவரிடம் நேரே போய் ஆன்டி சி.சி.பி. எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்து ஓடுகிறது. போன மாதத்திலிருந்து ஃபில்டர் மூடியை அவரே திறக்கிறார்.